தோள் இறங்கி வருகிறவர்கள்

மூட்டை தூக்குகிறவனை யாராவது உட்காரச் சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வரும். என்னை மூன்று நாள் ஒரு தெருவில் சும்மா உட்காரச் சொன்னபோது எனக்கும் வந்தது. ஆனால் சொன்னது முதலாளி இல்லை, எங்கள் கைக்கூட்டு. கைக்கூட்டு சொன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

கைக்கூட்டு என்பது எங்கள் மூன்று தெருக்களில் இருக்கிற இருபத்தாறு வீட்டார் சேர்ந்து நடத்துவது. பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. வெல்டருடைய பட்டறைதான் அலுவலகம். அவர்தான் தலைவர் மாதிரி. எங்களில் ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டுமென்றால் கொடுப்பதற்கு எங்களிடம் பணம் இல்லை. வங்கியில் கேட்டால் பத்திரம் கொண்டுவா என்பார்கள். பத்திரம் வைத்திருக்கிறவன் எங்கள் தெருவில் ஏன் குடியிருக்கப் போகிறான்? அதனால் இருப்பதைக் கொடுத்துக்கொள்கிறோம். மேஸ்திரி மேடை கட்டித் தருவார். வெல்டர் கதவும் சட்டமும் தருவார். தச்சர் பலகை அடிப்பார். கரண்டுக்காரர் ஒயர் இழுப்பார். அவரை எல்லோரும் கூப்பிடுவது 'நாளைக்கு' என்று. எப்போது வருவீர்கள் என்று யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான். நான் ஏற்றி இறக்கிக் கொடுப்பேன். கைத்தொழில் தெரியாத வீட்டார் ஒரு வருஷம் அந்தக் கடைக்கே போவதாகச் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய உதவி. இப்படிக் கடை எழுந்தவர், அடுத்தடுத்து எழுகிற கடைகளுக்குத் தன் கையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒரு கடை. இரண்டு கடைக்கு நாள் கொடுத்தால் அவரவர் வீட்டில் உலை ஏறாது.

கேட்கிறவர்கள் நிறைய இருந்ததால் வரிசை வைத்தோம். வரிசையில் முதலில் இருப்பவர் கடை போட நினைக்கிற இடத்துக்கு எதிரே ஒரு ஆள் மூன்று நாள் உட்கார வேண்டும், காலையிலிருந்து பொழுது சாயும்வரை. எந்த நாள் என்று கடை கேட்டவருக்குத் தெரியக் கூடாது. உட்கார்ந்தவர் பார்த்ததை எழுதிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் படிப்பார். அதைக் கேட்டு மற்றவர்கள் கை தூக்குவார்கள். உட்கார்ந்தவர் மட்டும் கை தூக்கக் கூடாது.

யார் உட்காருவது என்பதில்தான் எங்கள் ஆட்களுடைய மூளை இருக்கிறது. வரிசையில் இரண்டாவதாக இருப்பவர்தான் உட்கார வேண்டும். முதல் ஆளுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டால் அந்த வருஷம் அவருக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவன் வாயிலிருந்தே இடம் நல்ல இடம் என்று வந்தால் அதை நம்பலாம் என்பது வெல்டருடைய கணக்கு. அவன் வேண்டுமென்றே குறைத்து எழுதிவிட்டால்? பொய் எழுதியது தெரிந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இருபது வருஷம் காத்திருக்க யாருக்கும் தெம்பு இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது. முன்பு ஒருமுறை ரொட்டிக் கடைக்கு உட்கார்ந்தவர், கடை அமோகமாக ஓடும் என்று தோன்றுகிறது என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், மனதார நினைத்துத்தான் சொன்னார். கடை எட்டு மாதத்தில் மூடியது. வெல்டர் பன்னிரண்டு நாள் அடித்த அடுப்புக் கூண்டு இன்னும் பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. கூட்டம் நடக்கும்போது அதன்மேல்தான் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருஷம் முதல் ஆள் காயிலக்கா. இரண்டாவது நான்.

காயிலக்கா என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அக்கா. பதினான்கு வருஷமாக ஒரு மோட்டார் பட்டறையில் காயில் சுற்றுகிறார். எரிந்துபோன பம்ப், மிக்சி, ஃபேன் எது வந்தாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிடுவார். கை வேலை முழுக்க அவருடையது, கல்லாவில் உட்காருவது முதலாளி. தனியாகக் கடை போடப் போகிறார் என்று முதலாளி காதுக்கு எப்படியோ போய்விட்டது. இந்த மாதத்தோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டில் சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான். பஸ் நிறுத்தத்துக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவில் ஒரு அறையைப் பார்த்து வைத்திருந்தார். மேஸ்திரிக்குத் தெரிந்தவருடைய அறை. மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, கைக்கூட்டு வேண்டாம் என்றால் காயிலக்காவுக்கு ஒரே தேதியில் வேலையும் போகும், அறையும் போகும்.

என் கதை சின்னது. முதுகுத் தண்டில் கீழே ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் தூக்கினால் அதற்குப் பிறகு எதையும் தூக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் முதலில் நல்ல செய்தி என்று நினைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு சாக்குக் கடை. பழைய சாக்குகளை வாங்கி, தரம் பிரித்து, கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து விற்பது. உட்கார்ந்து செய்கிற வேலை. சாக்கைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை, முப்பது வருஷமாக அது என் முதுகில்தான் இருக்கிறது.

முதல் நாள், திங்கட்கிழமை, அந்த அறைக்கு எதிரே மூடிக்கிடந்த மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதுக்குமேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். வேகமாக எழுத வராது. அதனால் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு போட்டேன். கையில் ரிப்பேருக்குப் போகிற சாமான் இருந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் அதன் பெயர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு அலுவலகம் போகிறவர்கள், பிறகு யாருமில்லை, ஒரு நாய், அதற்குக் கோடு போடவில்லை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ரிப்பேர் சாமானோடு போனது ஒரே ஒரு ஆள், மேசை ஃபேனைக் கோழியைப் பிடிக்கிற மாதிரி கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்று. சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போகும்போது காயிலக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

வீட்டுக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒரு ஃபேன் என்றேன். மேலே பரணில் போட்டிருந்த கோணி ஊசிப் பெட்டியை அன்றைக்கே எடுத்துத் துடைத்து வைத்தாள்.

ஒருநாள் விட்டு இரண்டாவது நாள் உட்கார்ந்தேன். புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். படியில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் மஞ்சள் துணிப் பையோடு பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து வந்தார். சின்னப் பை. ஒரு கோடு போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு என்னவோ உறுத்தியது. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. இடது கை உடம்பைவிட்டு ஒரு சாண் விலகி இருந்தது. அடியைச் சின்னதாக எடுத்து வைத்தார். கொஞ்ச தூரம் போய்ப் பையைக் கை மாற்றினார், மாற்றியதும் இடது தோள் இறங்கியது.

எங்கள் வேலையில் இப்படிப்பட்ட பாரத்துக்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர். பார்க்கச் சின்னதாக இருக்கும், தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பெரிய மூட்டையை நம்பலாம், அது தன் எடையை முன்னாலேயே சொல்லிவிடும். குட்டிச்சாத்தானைத் தூக்கித்தான் என் தட்டு பிதுங்கியது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவனை எனக்குத் தெருக்கோடியிலிருந்தே தெரியும்.

பன்னிரண்டு கிலோ இருக்கும். அந்தச் சின்னப் பைக்குள் அவ்வளவு எடை என்றால் உள்ளே இரும்பும் தாமிரமும்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதக் கூடாது. தோளைப் பார்த்தேன் அல்லவா, தோளை எழுதலாம். மெதுவாக எழுதினேன்: மஞ்சள் பை, வலது தோள் இறக்கம், பத்து மணி.

எழுதி முடித்தபிறகுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பைகள் போயிருக்கும். நான் பூராவும் கோடு போட்டுக்கொண்டு, கையில் ஃபேன் இருக்கிறதா மிக்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். காய்கறிக் கடைக்கும் டீக்கடைக்கும் எதிரே உட்கார்ந்து பழகிய கூட்டம் எங்களுடையது. எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவது அதற்குச் சரி. மோட்டாரை யாரும் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு போவதில்லை. அந்த ஒரு நாள் அப்படியே வீணாகிவிட்டது.

புதன்கிழமை இறங்கிய தோள் ஐந்து. எல்லாம் ஒரே பக்கமாக, பட்டறை இருக்கிற பக்கமாகப் போயின. பட்டறை அங்கிருந்து அரை மணி நடை. பாரத்தோடு ஏறினால் ஆட்டோக்காரர் கூடுதலாகக் காசு கேட்பார் என்று நடக்கிறார்கள் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரி நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிக்க வரும்.

"தோளையெல்லாம் எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

பார்த்ததை எழுதச் சொன்னார்கள் என்றேன்.

"அறுநூறு பேரு போனாங்க, ஒரு ஃபேன் போச்சுன்னு சொன்னா அது பொய்யா?"

பொய் இல்லை என்றேன்.

"அப்ப அதோட நிறுத்திக்கங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்த வரைக்கும் நாம நிம்மதியா இருந்தோம்."

எனக்கு முதுகில் மருந்து தேய்த்துவிட்டாள், வழக்கத்தைவிட அழுத்தி.

வெள்ளிக்கிழமை நான் தோளை எழுதாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. விதியும் எனக்கு இடம் கொடுத்தது, ஏனென்றால் பையைத்தான் பார்த்தேன், உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டபிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தெருவில் வேறு எதுவுமே தெரியவில்லை, தோள்தான் தெரிந்தது. ஆறு பேர். ஒரு அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு போனார், அவருக்குத் தோளுக்குப் பதிலாக இடுப்பு என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். காயிலக்காவை வெளியே, பட்டறைக்கு எதிர்ப்பக்கம் இருந்த தண்ணீர்க் குழாயடியில் நிற்கச் சொன்னார்கள். கேட்டவர் உள்ளே இருக்கக் கூடாது. நான் நோட்டைப் படித்தேன். திங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு ஃபேன். புதன் ஐநூற்று எண்பத்தெட்டு பேர், ரிப்பேர் சாமான் கண்ணில் படவில்லை, பை ஐந்து. வெள்ளி அறுநூற்று நாற்பது பேர், கையில் ஒரு மிக்சி, பை ஆறு. ஒவ்வொரு பைக்கும் நிறம், தோள், நேரம் எல்லாம் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் நேரம் பிடித்தது.

முடித்ததும் 'நாளைக்கு' சிரித்தார்.

"மோட்டார் கடைக்கு ஆள் பாருங்கன்னு அனுப்பிச்சா, மாப்பிள்ளை பாக்கப் போன மாதிரி தோளையும் இடுப்பையும் பாத்துட்டு வந்திருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டர் சிரிக்கவில்லை. பையில் மோட்டார் இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப என்னதான் பாத்தீங்க?"

"பாரம் இருந்துச்சு. சின்னப் பை, பெரிய பாரம்."

அது பார்த்ததா, நினைத்ததா என்று பேச்சு வந்தது. ரொட்டிக் கடை ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது, அடுப்புக் கூண்டுமேல் தச்சர் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிதான் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். அவர் வெளியே போய் ஒரு பையில் எதையோ போட்டுக் கட்டி, தச்சரை எழுப்பி வாசலுக்குக் குறுக்கே நடக்கவிட்டார். பதினான்கு கிலோ என்றேன். வெல்டரிடம் பழைய இரும்பு எடை போடுகிற தராசு உண்டு. வைத்தார்கள், பதிமூன்றரை. இரண்டாவது பை, சின்னது. பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டேதான்.

உள்ளே என்ன என்று 'நாளைக்கு' கேட்டார். இரும்பு என்றேன். அவிழ்த்துக் கொட்டினார்கள். ஈர மணல்.

"எடை தெரியும். என்னன்னு தெரியாது," என்று நானே சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"அப்ப அந்தப் பதினோரு பேரும் வீடு கட்டுறாங்கன்னு எழுதிக்கலாம்," என்றார் 'நாளைக்கு'. இந்தத் தடவை வெல்டரும் சிரித்துவிட்டார்.

வரிசையில் எனக்கு அடுத்து இருக்கிறவர் டெய்லர். அக்காவுக்கு இல்லையென்றால் அவரும் ஒரு வருஷம் முன்னால் வந்துவிடுவார். அவர் மெதுவாக, அக்காவுக்கு இப்போது நேரம் சரியில்லை போலிருக்கிறது, வேறு இடம் பார்த்தால் அடுத்த முறை செய்யலாமே என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். யாரும் அக்காவுக்குக் கெட்டது நினைக்கவில்லை. பன்னிரண்டு நாள் வேலை துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். வாசல் வழியாகப் பார்த்தால் குழாயடியில் காயிலக்கா யாருடைய குடத்துக்கோ தண்ணீர் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்கத் தெரியாது அவருக்கு.

வெல்டர் என்னிடமிருந்து நோட்டை வாங்கி மூடினார். கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்: "வேற ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் என் வீட்டுக்காரி இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் முகம் தெரிந்தது.

"அக்காவை உள்ள கூப்பிடுங்க," என்றேன். "புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பட்டறைக்கு என்னென்ன வந்துச்சுன்னு அவங்களைக் கேளுங்க. பையை அவுக்குறது அவங்கதானே. என் நோட்டு உங்க கையிலயே இருக்கட்டும். நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை."

கேட்டவரை நடுவில் உள்ளே கூப்பிடலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அவரும் பார்த்ததைத்தானே சொல்லப் போகிறார், விதியில் தப்பு இல்லை என்றார் மேஸ்திரி. கூப்பிட்டார்கள். காயிலக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். தீர்ப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தரையில் கொட்டியிருந்த மணலைப் பார்த்தேன்.

வெல்டர் விஷயத்தைச் சொன்னார். புதன்கிழமை யார் யார் வந்தார்கள்?

"யாருன்னு கேட்டா சொல்ல வராது. எனக்கு ஆளு மூஞ்சி நிக்காது. மோட்டார் நிக்கும்," என்றார் காயிலக்கா.

அதைச் சொல்லுங்கள் என்றார் வெல்டர். காயிலக்கா கண்ணை மூடிக்கொண்டார். புதன்கிழமை காலையில் முதலில் வந்தது அரை ஹெச்பி பம்ப், தண்ணீர் இறங்கி எரிந்தது, பத்தரை மணிக்கு, மஞ்சள் பையில். வெல்டருடைய விரல் நோட்டில் நின்றது. அடுத்தது ஒரு தையல் மெஷின் மோட்டார், இரண்டு டேபிள் ஃபேன் மோட்டார் சேர்த்து ஒரே பையில், பச்சைக் கோடு போட்ட பை. விரல் நகர்ந்தது. பிறகு ஒரு பம்ப் ஆட்டோவில் வந்தது. அது நோட்டில் இல்லை, எப்படி இருக்கும். மத்தியானம் சாக்கில் சுற்றிய கிரைண்டர் மோட்டார். இருந்தது.

"சிவப்புப் பை? பன்னண்டரை மணி வாக்குல?" என்று கேட்டார் வெல்டர்.

"சிவப்புப் பையா? அப்படி ஒண்ணும் வரலையே அண்ணே."

இன்னொரு பையும் அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை ஐந்துக்கு மூன்று. வெள்ளிக்கிழமை ஆறுக்கு நான்கு. இடுப்பில் வைத்துக்கொண்டு போன அம்மாவைக் கேட்டதும் காயிலக்கா சிரித்துவிட்டார். அந்த மோட்டார் மூன்றாவது தடவை வருகிறதாம். முதலாளி சொல்லி மட்டமான கம்பி போட்டு அனுப்பியதாம். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல வாயை மூடிக்கொண்டார்.

பட்டறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வரும் என்று மேஸ்திரி கேட்டார். எட்டு, ஒன்பது என்றார். ஆக, கிட்டத்தட்ட பாதி அந்த அறையைத் தாண்டித்தான் போகின்றன. இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'நாளைக்கு' மட்டும் தரையில் கிடந்த மணலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார்:

"அந்த ரூமுக்கு த்ரீ ஃபேஸ் லைன் இருக்காக்கா?"

இழுக்க வேண்டும் என்றார் காயிலக்கா. 'நாளைக்கு' தலையைச் சொறிந்துகொண்டார். கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியது அவர்தான். டெய்லரும் தூக்கினார், கொஞ்சம் தாமதமாக. நான் விதிப்படி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரியும் தூக்கவில்லை. அவளுக்கு அப்படி விதி ஏதும் கிடையாது.

போகும் வழியில் காயிலக்கா என்னிடம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முதுகு வலிக்கிறது, பிறகு பேசலாம் என்று வந்துவிட்டேன். நிஜமாகவே வலித்தது.

பதினொரு நாளில் கடை எழுந்தது. மேஸ்திரி வார்னிஷ் காயவைக்கத் தொட்டி கட்டினார். வெல்டர் அந்தத் துருப்பிடித்த அடுப்புக் கூண்டை அறுத்து அதிலிருந்தே காயில் சுற்றுகிற ஸ்டாண்டு அடித்தார். இரண்டு நாள் வேலையில் முடிந்தது, பட்டறை மூலையும் காலியானது. 'நாளைக்கு' சொன்ன நாளிலேயே வந்து ஒயர் இழுத்ததை ஒரு மாதம் எல்லோரும் பேசினார்கள். நான் சாமான் இறக்கினேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். என் பங்கு அதுதான், வேறு என்ன கொடுப்பது என்றேன். கம்பிச் சுருள் ஒவ்வொன்றும் குட்டிச்சாத்தான். இரண்டு இரண்டாகத் தூக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கினேன்.

கடை திறந்து மூன்று வாரம் ஈ ஓட்டியதுதான். எங்கள் இருபத்தாறு வீட்டு ஃபேனும் மிக்சியும் தீர்ந்தபிறகு யாரும் வரவில்லை. பழக்கப்பட்ட கால் பழைய பட்டறைக்கே போயிற்று. பிறகு காயிலக்கா ஒன்று செய்தார். ஸ்டாண்டை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தார். தோள் இறங்கி வருகிற ஆளைக் கண்டால் எழுந்து வந்து, "மோட்டாரா? இங்கயே பாக்குறேன், அவ்வளவு தூரம் எதுக்குத் தூக்கிட்டு நடக்குறீங்க?" என்று கேட்டார். பாரத்தோடு நிற்கிறவனிடம் அதைக் கேட்டால் அவன் இறக்கி வைத்துவிடுவான், எனக்குத் தெரியும். ஒருநாள் சிவப்புப் பைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறார். அவர் பழைய புத்தகங்களை எடைக்குப் போட எடுத்துக்கொண்டு போகிறவராம். நிறுத்தி வைத்துப் பேசிவிட்டு, பாவம், ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினாராம்.

இப்போது காயிலக்கா ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார். முதல் வருஷ வேலை முடிந்ததும் கைக்கூட்டுக்கு நாள் கொடுக்க வருவேன் என்கிறார். அடுத்த கடை என்னுடையதாக இருந்தால், அங்கே ஓடுகிற மோட்டார் ஏதும் இல்லையே, அக்கா என்ன செய்வார் என்று கேட்டேன். சாக்குத் தைக்கிறேன், கம்பி சுற்றுகிற கைக்குச் சணல் சுற்ற வராதா என்றார்.

நான் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் ஏழு மாதம் போய்விட்டது. வீட்டுக்காரி ஊசிப் பெட்டியை மறுபடி பரணில் போடவில்லை. அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

அடுத்த வருஷம் நான் முதல் ஆள். எனக்காக டெய்லர் உட்கார வேண்டும். நல்ல கண் அவருக்கு. சட்டையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். ஆனால் மூன்று நாள் உட்கார்ந்து அவர் எதைப் பார்த்து எழுதுவார் என்று அவ்வப்போது யோசிப்பேன். மோட்டார் கடைக்கு வருகிறவனுக்குத் தோள் இறங்கியிருக்கும். சாக்கு வாங்க வருகிறவன் வெறுங்கையோடு வருவான்.